போக்கரில் ஏப்ரலில் இருந்து அடிமேல் அடி: ஒழுங்காக ஆடினால் விட்டது திரும்புமா?

செக்காலைக்காரன் | 6 ஜூலை 2025, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் கடை வேலை, இரவில் ஆன்லைன் போக்கர். ரம்மி இல்லை, டெக்சாஸ் ஹோல்டம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம்.

மார்ச் வரை 5/10 ரூபாய் மேசையில் நன்றாகவே போனது. ஏப்ரலில் திரும்பிக்கொண்டது. கையில் இரண்டு ஏஸ் இருந்தால் எதிராளிக்குக் கடைசிச் சீட்டில் செட் (ஒரே மதிப்பில் மூன்று சீட்டு) விழுகிறது. சீக்கிரம் சரிக்கட்டலாம் என்று பெரிய பந்தய மேசையான 25/50 போனேன், அங்கேயும் அதே கதை. நடுவில் போக்கரின் இன்னொரு வகையான ஓமஹாவும் ஆடிப் பார்த்தேன். மொத்தத்தில் 1,40,000 போயிருக்கிறது. கணக்கில் இன்னும் 40,000 சொச்சம் மிச்சம்.

இனிமேல் ஒழுங்கு. ஒரு நாளைக்கு இரண்டு பை-இன் (மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை) போனால் எழுந்துவிடுவது. 5/10 மேசைக்கே திரும்புவது. ஓமஹா கிடையாது. இப்படி ஆடினால் தீபாவளிக்குள் விட்டதை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஆடித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சூது பற்றிய பழமொழியெல்லாம் வீட்டிலேயே தினமும் கிடைக்கிறது, இங்கேயும் வேண்டாம்.

தேவகோட்டை_ரிவர் | 6 ஜூலை 2025, இரவு 11.02

தம்பி, விதிகள் மூன்றும் சரி. கேள்விதான் கோணல்.

தீபாவளிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 5/10 மேசையில் பெரிய பிளைண்ட், அதாவது சீட்டு வரும் முன்பே கட்ட வேண்டிய கட்டாயப் பந்தயத்தில் பெரியது, 10 ரூபாய். 1,40,000 என்பது 14,000 பெரிய பிளைண்ட். நீங்கள் நல்ல ஆட்டக்காரர், தளம் பிடிக்கும் கமிஷனான ரேக் போக 100 கைக்கு, அதாவது 100 சுற்றுக்கு, 5 பிளைண்ட் லாபம் பார்க்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2,80,000 கை ஆட வேண்டும். இரண்டு மேசை திறந்தால் மணிக்கு 150 கை. தினம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒரு வருடம் எட்டு மாதம் ஆகும். தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி வந்துவிடும்.

அந்தத் தேதிக்குள் எடுக்க ஒரே வழி மறுபடி 25/50 போவதுதான். அதாவது தேதி வைத்த நிமிடமே உங்கள் இரண்டாவது விதியை நீங்களே உடைத்தாகிவிட்டது.

ஏஸ் புலம்பலையும் விடுங்கள். ஏஸ் ஜோடிக்கு எதிராக ராஜா ஜோடி, சீட்டு திறக்கும் முன்பே மொத்தத்தையும் தள்ளினால் ஏஸ் ஜெயிப்பது சுமார் 82 விழுக்காடுதான். ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை தோற்கத்தான் செய்யும். தோற்ற கை மட்டும் ஞாபகம் இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். மிச்சம் இருக்கிற 40,000தான் இனி உங்கள் முழு பேங்க்ரோல் (ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய முதல்). 5/10க்கு ஒரு பை-இன் 1,000 ரூபாய், ஆக 40 பை-இன் இருக்கிறது, போதும். 25,000க்குக் கீழே இறங்கினால் 2/4 மேசைக்குப் போங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆடும்போது எந்தக் கையில் மனசு கொதித்ததோ அதைக் குறித்து வையுங்கள், மறுநாள் காலையில் பாருங்கள். போன 1,40,000 போனதுதான். அதை எடுக்க ஆடுகிறவன் எப்போதும் அடுத்த கையைத் தப்பாகத்தான் ஆடுவான்.

ஐந்தொகை | 7 ஜூலை 2025, காலை 6.20

நான் பள்ளத்தூர். ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளை. போக்கருக்கும் ரம்மிக்கும் வித்தியாசம் தெரியும், ஆகவே தம்பி அனுமதித்தபடி பேசுகிறேன்.

தேவகோட்டைக்காரர் போட்ட கணக்கு நேர்மையானது. பாதியில் நிறுத்திவிட்டார். 100 கைக்கு 5 பிளைண்ட் லாபம் என்று "வைத்துக்கொள்வோம்" என்றார் பாருங்கள், மொத்த வியாபாரமும் அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் சேரும் பந்தயப் பணத்தில் மேசைக்காரன் 5 விழுக்காடு வரை ரேக் எடுக்கிறான். 2023 அக்டோபர் 1 முதல் போடுகிற பணம் முழுவதற்கும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி. வரியும் சேர்த்து 10,000 போட்டால் அதில் 2,187 ரூபாய் அரசுக்கு. போனஸ் என்ற பெயரில் தளம் அதை ஈடுகட்டுகிறதே என்பீர்கள். ஈடுகட்டுகிறவன் எங்கிருந்து எடுப்பான்? பிறகு, வென்றதை எடுக்கும்போது 30 விழுக்காடு வரிப் பிடித்தம் (டிடிஎஸ்), 2023 ஏப்ரல் முதல்.

இதில் தம்பிக்கு நேரடியாகப் பொருந்துவது ஒன்று உண்டு. மார்ச் வரை வென்றார், ஏப்ரலில் இருந்து தோற்கிறார். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. மார்ச்சுக்குள் ஒரு லட்சம் வென்று எடுத்தவன் 30,000 வரி கட்டுகிறான். ஏப்ரலில் அதே ஒரு லட்சத்தைத் தோற்றால் அந்த நட்டத்தைப் போன வருட லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. ஆட்டத்தில் சரிக்குச் சரி, கையில் 30,000 நட்டம். இதை எந்த ஒழுங்கு சரிசெய்யும்?

புதுவயல்_மில் | 7 ஜூலை 2025, காலை 9.48

ஐயா காலங்காத்தாலேயே பேரேட்டோடு வந்துவிட்டார் :)

எந்தத் தொழிலில் ஏற்ற இறக்கம் இல்லை? நெல் வாங்கிப் போட்டு விலை இறங்கினால் நாங்களும்தான் அடி வாங்குகிறோம். அதற்காக மில்லை மூடிவிடுவோமா? கொள்முதலைக் குறைப்போம், காத்திருப்போம். ரிவர் அண்ணன் சொல்வதும் அதேதான். 2023 நவம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் ரம்மியையும் தமிழ்நாட்டுச் சட்டத்தின் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. திறமை ஆட்டம் என்றான பிறகு திறமையை வளர்த்துக்கொள் என்று சொல்வதில் என்ன தப்பு?

ஐந்தொகை | 7 ஜூலை 2025, காலை 10.30

விலை இறங்கினாலும் உங்கள் நெல் கிடங்கில் இருக்கிறது. குத்தினால் அரிசி, தவிடு, உமி. தம்பியின் 1,40,000க்குக் கிடங்கில் என்ன இருக்கிறது?

புதுவயல்_மில் | 7 ஜூலை 2025, காலை 10.41

அனுபவம் இருக்கிறது ஐயா.

ஐந்தொகை | 7 ஜூலை 2025, காலை 10.44

அதை அடகுக்கடையில் வாங்குவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கழனிவாசல் | 7 ஜூலை 2025, மாலை 5.55

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். போக்கர் ஆடுவதில்லை, ஆனால் இந்த ஆட்டத்தின் எண்கள் வகுப்பில் நன்றாகப் பயன்படும்.

ஆறு பேர் மேசையில் 100 கைக்கு ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், ஏறக்குறைய 90 பெரிய பிளைண்ட். 10,000 கையில் அது 900 ஆகிறது. 100 கைக்கு 5 வீதம் வெல்லக்கூடிய நல்ல ஆட்டக்காரருக்கு 10,000 கையில் எதிர்பார்க்கும் லாபம் 500. விலக்கம் லாபத்தைவிடப் பெரியது. ஆகவே நல்ல ஆட்டக்காரரே 10,000 கை முடிவில் நட்டத்தில் நிற்க வாய்ப்பு சுமார் 29 விழுக்காடு. ஒரு லட்சம் கை ஆடினால்தான் அது 4 விழுக்காட்டுக்கு வருகிறது.

ரிவர் இதைப் பார்த்து மகிழ்வார். ஆனால் கணக்கை அப்படியே திருப்பிப் போடுங்கள். 100 கைக்கு 5 வீதம் தோற்கிற ஆட்டக்காரர் 10,000 கை முடிவில் லாபத்தில் நிற்கவும் அதே 29 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. செக்காலைத் தம்பி ஏப்ரல் தோல்வியை அதிர்ஷ்டக் கேடு என்கிறார். மார்ச் வெற்றியை மட்டும் திறமை என்று ஏன் எடுத்துக்கொண்டார்? ஒரே அளவுகோலால்தான் இரண்டையும் அளக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு நாளைக்கு இரண்டு பை-இன் என்ற நட்ட வரம்புக்குக் கணக்குப்படி எந்த மதிப்பும் இல்லை. இன்று இரவு நிறுத்தி நாளை அதே மேசையில் உட்கார்ந்தால் அது ஒரே நீண்ட ஆட்டம்தான். சீட்டுக்கு நேற்று, இன்று தெரியாது.

தேவகோட்டை_ரிவர் | 7 ஜூலை 2025, இரவு 8.10

சார், சீட்டுக்குத் தெரியாது, ஆடுகிறவனுக்குத் தெரியுமே! இரண்டு பை-இன் விட்டவன் மூன்றாவதை முதல் பை-இன் மாதிரி ஆடினால் வரம்பே வேண்டாம். அப்படி ஆடுகிறவனை நான் பார்த்தது அபூர்வம். நாலாவது ஜோடியை வைத்துக்கொண்டு "இவன் நல்ல சீட்டு இல்லாமல் சும்மா மிரட்டுகிறான்" என்று பந்தயத்தை ஏற்றுக் காசு போடுவான். டில்ட் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். வரம்பு சீட்டுக்கு இல்லை, அந்த ஆளுக்கு.

தோல்வியில் மூன்று வகை கலந்து கிடக்கிறது. ஒன்று, நன்றாக ஆடியும் சீட்டு வராதது. அதற்குப் போதுமான பேங்க்ரோலும் பொறுமையும் வேண்டும். இரண்டாவது, டில்ட். ஒழுங்கு வேலை செய்வது இங்கேதான். மூன்றாவது, எதிராளிகள் உங்களைவிட நன்றாக ஆடுவது. இதற்கு ஒழுங்கு மருந்தே இல்லை. படிக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழ் மேசைக்கு இறங்க வேண்டும். தம்பிக்கு எது எவ்வளவு என்று தெரியாமல் நாம் எல்லோரும் கத்திக்கொண்டிருக்கிறோம். தளத்தில் இருந்து கைக்கணக்கை (ஆடிய சுற்றுகளின் பதிவை) இறக்கி மேசைவாரியாகப் பிரித்துப் போடுங்கள் தம்பி.

ஐந்தொகை | 7 ஜூலை 2025, இரவு 8.35

இந்த மூன்றாவது வகையை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாம்.

செக்காலைக்காரன் | 9 ஜூலை 2025, இரவு 9.20

பிரித்துப் பார்த்தேன். ஏப்ரலில் இருந்து:

5/10 ஹோல்டம்: இருபதாயிரம் கைக்குக் கொஞ்சம் மேல், லாபம் 10,000.
25/50 ஹோல்டம்: நட்டம் 90,000.
10/20 ஓமஹா: நட்டம் 60,000.

பார்த்தீர்களா, 5/10இல் நான் லாபத்தில்தான் இருக்கிறேன். நட்டம் முழுவதும் மேலே போனதாலும் ஓமஹாவாலும்தான். ஆக ஒழுங்குதான் பிரச்சினை என்று நான் சொன்னது சரியாகிவிட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். 25/50 ஆட்டம் எல்லாம் இரவு பத்தரைக்கு மேல். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று தமிழ்நாட்டில் விதி வந்த பிறகு, 12 மணிக்குத் தளம் தானாக நிற்கிறது. "இன்னும் ஒரு மணி நேரம்தான்" என்று தெரிந்ததும் மேசையை ஏற்றிவிடுகிறேன்.

தேவகோட்டை_ரிவர் | 9 ஜூலை 2025, இரவு 9.41

கடைசிப் பத்திதான் இந்த இழையிலேயே உருப்படியான தகவல். இரண்டு பை-இன் வரம்பு வைப்பதற்கு முன் பத்து மணி வரம்பு வையுங்கள். ஓமஹாவில் ஒவ்வொருவர் கையிலும் நாலு சீட்டு. ஏற்ற இறக்கம் ஹோல்டமைவிட மிக அதிகம். கொதிக்கிற மனசோடு அங்கே போனது எண்ணெயைத் தேடிப் போன மாதிரிதான்.

கழனிவாசல் | 9 ஜூலை 2025, இரவு 10.05

5/10இல் 10,000 ரூபாய் என்பது 1,000 பிளைண்ட். இருபதாயிரம் கைக்குத் திட்ட விலக்கம் சுமார் 1,270. லாபம் விலக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. இந்தத் தகவலை வைத்துத் தம்பி வெல்லும் ஆட்டக்காரர் என்றும் சொல்ல முடியாது, தோற்கும் ஆட்டக்காரர் என்றும் சொல்ல முடியாது. "சரியாகிவிட்டது" என்பது அவசரம்.

கண்டாங்கி | 10 ஜூலை 2025, பிற்பகல் 2.30

மூன்று நாளாக வாசிக்கிறேன். பிளைண்ட், விலக்கம், டிடிஎஸ் எல்லாம் வந்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி வரவில்லை. அந்த 1,40,000 யாருடைய பணம்?

கடை வேலை என்கிறீர்கள். ஏப்ரலில் இருந்து ஜூலைக்குள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இவ்வளவு போட முடியுமா? எங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படித்தான் விதி எழுதினார். அழகான கையெழுத்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். அதே அலமாரியில் இருந்த என் வளையல் நகைக்கடனுக்குப் போனது எனக்குப் பிறகுதான் தெரியும். விதி எழுதியது எதற்கு என்றால், வீட்டில் கேட்டால் காட்ட.

பழமொழி வீட்டில் கிடைக்கிறது என்று சொன்னீர்களே தம்பி. ஆடுவது வீட்டுக்குத் தெரியும், சரி. தொகை தெரியுமா?

புதுவயல்_மில் | 10 ஜூலை 2025, பிற்பகல் 3.12

அக்கா, கொஞ்சம் கடுமையாக இருக்கிறதே. அவர் கேட்டது ஆட்டம் பற்றி.

கண்டாங்கி | 10 ஜூலை 2025, பிற்பகல் 3.20

நானும் ஆட்டம் பற்றித்தான் கேட்டேன். ரிவர் சொல்கிற பேங்க்ரோல் என்பது போனாலும் வீட்டுக்கு வலிக்காத பணம் என்றுதானே அர்த்தம்? அது இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் 40 பை-இன், 25 பை-இன் என்று எதைப் பேசுகிறீர்கள்?

செக்காலைக்காரன் | 11 ஜூலை 2025, இரவு 11.30

சேமிப்பு 80,000. மீதி கடன் ஆப்பில் 60,000. மாதத் தவணை ஓடுகிறது. வீட்டில் தெரியாது.

தேவகோட்டை_ரிவர் | 12 ஜூலை 2025, காலை 7.05

அப்படியென்றால் நான் மேலே எழுதிய எதையும் செய்யாதீர்கள். 40,000ஐ இன்றே எடுத்துக் கடனில் கட்டுங்கள். கடன் பணத்துக்குப் பேங்க்ரோல் விதி பொருந்தாது. இந்த ஆட்டத்தில் நல்லவனே ஒரு லட்சம் கை காத்திருக்க வேண்டும் என்று கழனிவாசல் சார் காட்டிவிட்டார். தவணைத் தேதி அவ்வளவு நாள் காத்திருக்காது.

ஆனால் ஐயாவுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இதனால் ஒழுங்காக ஆடுவதே பொய் என்று ஆகிவிடாது. நான் தனிக் கணக்கு வைத்து ஆடுகிறேன், வீட்டில் எல்லோருக்கும் தொகை தெரியும், சம்பளத்தில் இருந்து ஒரு ரூபாய் அங்கே போனதில்லை.

ஐந்தொகை | 12 ஜூலை 2025, காலை 7.40

உங்களை நம்புகிறேன். உங்களைப் போல் ஒருவர் இருப்பதைக் காட்டித்தான் பத்துப் பேரை மேசைக்கு இழுக்கிறார்கள். நீங்கள் ஜெயிக்கிற பணம் எங்கிருந்து வருகிறது? தளம் தருவதில்லை. செக்காலைத் தம்பி கடன் ஆப்பில் எடுத்துப் போட்டதுதான் உங்கள் லாபம். ஒழுங்கானவன் பிழைக்க ஒழுங்கற்றவன் தினம் வந்து உட்கார வேண்டும். எல்லோரும் உங்கள் விதிப்படி ஆடினால் ரேக் மட்டும்தான் ஜெயிக்கும்.

தேவகோட்டை_ரிவர் | 12 ஜூலை 2025, காலை 8.15

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இருந்தாலும், பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ என்ற ஊக வணிகம் ஆடுகிறவர்களைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லையே ஐயா.

புதுவயல்_மில் | 12 ஜூலை 2025, காலை 11.00

ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஐந்தொகை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். கடல் தாண்டி வட்டித் தொழிலுக்குப் போன செட்டியார் ஏஜெண்டுகள் ஊரில் இருக்கும் முதலாளிக்கு ஐந்தொகை (வரவு, செலவு, இருப்புக் கணக்கு) எழுதி அனுப்பிய ஒழுங்குக்கு மேல் ஒழுங்கு உண்டா? அவர்களே பர்மாவில் மொத்தத்தையும் விட்டுவிட்டுத்தானே வந்தார்கள். 1930இல் நெல் விலை சரிந்தது, அவர்களிடம் கடன் வாங்கிய விவசாயியால் கட்ட முடியவில்லை, நிலம் அவர்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1938 வாக்கில் 25 விழுக்காடு ஆனது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். ஒழுங்கு காப்பாற்றியதா?

ஐந்தொகை | 12 ஜூலை 2025, பிற்பகல் 12.25

நல்ல கேள்வி, இந்த இழையில் முதல் தடவையாக.

கணக்கு நட்டத்தைத் தடுக்காது. எங்கே எவ்வளவு மாட்டியிருக்கிறது என்று காட்டும். பார்த்தும் பர்மாவிலேயே எல்லாவற்றையும் வைத்திருந்தவர்கள் போனார்கள். அவர்களும் ஒழுங்கானவர்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1937 பிப்ரவரி 10ஆம் தேதி ஐஓபி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கிளை திறந்தது. ரங்கூன் கைவிட்டுப் போயும் வங்கி நிலைத்து நின்றது. மீண்ட குடும்பங்கள் சென்னையில், மதுரையில், கோவையில் வேறு தொழில் பார்த்து மீண்டன. விட்ட பணத்தை விட்ட இடத்திலேயே உட்கார்ந்து எடுப்பேன் என்று யாரும் ரங்கூனுக்குக் கப்பல் ஏறவில்லை. தம்பி மீளலாம், தாராளமாக மீளலாம். அது போக்கரில்தான் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது?

தேவகோட்டை_ரிவர் | 12 ஜூலை 2025, பிற்பகல் 12.50

ஐயா, நீங்கள் சொன்ன ஐஓபி கதை பேங்க்ரோல் விதியேதான். ஒரே மேசையில் எல்லாவற்றையும் வைக்காதே என்பது :)

கண்டாங்கி | 12 ஜூலை 2025, பிற்பகல் 1.15

நீங்கள் இருவரும் பர்மாவில் இருங்கள். தம்பி, 14416க்கு ஒரு போன் போடுங்கள். டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண், அரசுடையது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். புத்தி பேதலித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். "பத்தரைக்கு மேல் கை போகிறது, நிறுத்த முடியவில்லை" என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். வீட்டில் தொகையைச் சொல்வதை இந்த வாரத்துக்குள் செய்யுங்கள். தவணைக்காரன் அப்பச்சிக்குப் போன் போட்டுச் சொல்வதைவிட நீங்கள் சொல்வது மேல்.

செக்காலைக்காரன் | 13 ஜூலை 2025, இரவு 9.00

20,000 எடுத்துக் கடனில் கட்டிவிட்டேன். 20,000 விட்டு வைத்திருக்கிறேன், 2/4 மட்டும், பத்து மணி வரை மட்டும். ரிவர் அண்ணன் திட்டுவார், தெரியும். மொத்தமாக எடுக்கக் கை வரவில்லை.

தேவகோட்டை_ரிவர் | 13 ஜூலை 2025, இரவு 9.10

திட்டத்தான் செய்கிறேன்.

நேமத்தான் | 23 ஆகஸ்ட் 2025, காலை 10.30

பழைய இழையைத் தூக்குவதற்கு மன்னிக்கவும். புதுச் சட்டம் வந்தாயிற்று, நம்மூர்த் தளங்கள் எல்லாம் காசு ஆட்டத்தை நிறுத்திவிட்டன. கவலை வேண்டாம், வெளிநாட்டு ஆப் இருக்கிறது. டெலிகிராமில் ஏஜெண்ட், யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தில் பணம். டிடிஎஸ் இல்லை, ஜிஎஸ்டி இல்லை, 12 மணித் தடையும் இல்லை. விட்டதைப் பிடிக்க இதுதான் நேரம். ஆடுகிறவனுக்குச் சட்டத்தில் தண்டனையும் கிடையாது.

தேவகோட்டை_ரிவர் | 23 ஆகஸ்ட் 2025, காலை 10.52

இவர் சொல்வதில் கடைசி வரி மட்டும் உண்மை. ஆகஸ்ட் 20 மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேச்சே இனி இல்லை, காசு வைத்த ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது. நடத்துகிறவனுக்கு மூன்று வருடம் வரை சிறை அல்லது ஒரு கோடி வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். விளம்பரம் செய்தால் இரண்டு வருடம், 50 லட்சம். ஏஜெண்டாக ஆள் பிடிப்பது எந்தப் பக்கம் வரும் என்று நேமத்தான் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆட்டக்காரனாகச் சொல்கிறேன், அந்த ஆப்களில் ஒழுங்குக்கு வேலையே இல்லை. மேசையில் மூன்று பேர் ஒருவருக்கொருவர் சீட்டைச் சொல்லிக்கொண்டு ஆடினால் யாரிடம் புகார் செய்வீர்கள்? எதிரில் இருப்பது ஆளா, தானாக ஆடும் கணினி நிரலா என்று யார் பார்ப்பது? ஜெயித்த பணம் ஏஜெண்ட் மனசு வைத்தால் வரும். யுஎஸ்டிடி விற்று வந்த பணம் யாரோ ஏமாந்த பணமாக இருந்தால் சைபர் கிரைம் உங்கள் வங்கிக் கணக்கை முடக்கும், சம்பளமும் அதே கணக்கில்தான் வரும். நான் வெள்ளிக்கிழமையே மொத்தத்தையும் எடுத்துவிட்டேன்.

ஐந்தொகை | 23 ஆகஸ்ட் 2025, காலை 11.15

முதல் தடவையாகத் தேவகோட்டைக்காரரோடு முழுதாக ஒத்துப்போகிறேன். உடம்புக்கு என்னமோ செய்கிறது.

நேமத்தான் | 23 ஆகஸ்ட் 2025, காலை 11.40

பயந்தாங்கொள்ளிகள். வேண்டியவர்கள் தனிச் செய்தி அனுப்பவும்.

கண்டாங்கி | 23 ஆகஸ்ட் 2025, காலை 11.44

அனுப்பியிருக்கிறேன். நிர்வாகிக்கு.

செக்காலைக்காரன் | 24 ஆகஸ்ட் 2025, மாலை 6.10

எல்லோருக்கும் ஒரு தகவல். தளத்தில் ஆட்டம் நின்றுவிட்டது, பணம் எடுக்க மட்டும் விடுகிறார்கள். 17,000 இருந்தது. எடுத்தேன், டிடிஎஸ் பிடிக்கவில்லை. ஏன் என்று புரியவில்லை. அப்புறம் பிடிப்பார்களா?

வீட்டில் சொல்லியாயிற்று. அதைப் பற்றி எழுத விருப்பம் இல்லை.

ஐந்தொகை | 24 ஆகஸ்ட் 2025, மாலை 6.45

எடுத்தது, கூட்டல் கடைசி இருப்பு. அதில் இருந்து போட்டதையும் ஆண்டுத் தொடக்க இருப்பையும் கழிக்க வேண்டும். ஏப்ரலில் இருந்து உங்களுக்கு அது எதிர்மறை. நிகர வெற்றி இல்லை, ஆகவே டிடிஎஸ் இல்லை. அப்புறமும் பிடிக்க வழியில்லை.

போன நிதியாண்டு வென்றதற்குப் பிடித்திருப்பார்கள். அது 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். ரிட்டர்ன் போட்டீர்களா? இந்த வருடம் கடைசி நாள் செப்டம்பர் 15 வரை நீட்டியிருக்கிறார்கள். சம்பளம் குறைவு, போட வேண்டியதில்லை என்று விட்டுவிடாதீர்கள். இந்த வருமானத்துக்கு அடிப்படை விலக்கு கிடையாது. படிவத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தூர் வாருங்கள், நான் பார்த்துத் தருகிறேன். கட்டணம் இல்லை, ஏஸ் கதை மட்டும் சொல்லக் கூடாது.

செக்காலைக்காரன் | 24 ஆகஸ்ட் 2025, இரவு 7.30

சனிக்கிழமை வருகிறேன் ஐயா. 17,000மும் கடனுக்குப் போய்விட்டது, இன்னும் 23,000 பாக்கி.

கழனிவாசல் | 24 ஆகஸ்ட் 2025, இரவு 8.05

தம்பி, அந்தக் கைக்கணக்குக் கோப்பு இன்னும் இருந்தால் எனக்கு அனுப்ப முடியுமா? பெயர், கணக்கு எண் எல்லாம் அழித்துவிட்டு. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு விலக்கம் நடத்தும்போது உண்மையான தரவு கிடைப்பதே இல்லை.

தேவகோட்டை_ரிவர் | 24 ஆகஸ்ட் 2025, இரவு 8.12

சார், ஓமஹா பக்கத்தைத் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். பையன்கள் வகுப்பிலேயே திருந்திவிடுவார்கள்.

செக்காலைக்காரன் | 24 ஆகஸ்ட் 2025, இரவு 8.20

அனுப்புகிறேன் சார். 5/10 பக்கத்தையும் காட்டுங்கள், அதில் நான் லாபம்.

கழனிவாசல் | 24 ஆகஸ்ட் 2025, இரவு 8.22

விலக்கத்துக்குள்.